ஸ்டார் ட்ரெக்: எடுத்த வரிசையா, காட்டிய வரிசையா?

வெள்ளிக்கிழமை இரவு அக்கா வீட்டில் சாப்பாடு முடிந்து, தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அத்தானுக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடக்கும். பழைய ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கப்பல் கதைத் தொடரை, அதாவது 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய 79 எபிசோட்களை, எந்த வரிசையில் மறுபடி பார்ப்பது?

அத்தான் முப்பது வருஷம் சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். “முதல்ல கட்டினதை முதல்ல பாரு தம்பி. அடுக்கை மாத்திப் பார்த்தா கப்பல் எப்படி உருவாச்சுன்னு தெரியாது” என்பார். நான் ஒளிபரப்புக் கட்சி. அன்றைக்குச் சனங்கள் வாராவாரம் எப்படிப் பார்த்தார்களோ அப்படியே நாமும் பார்க்க வேண்டும், அதுதானே மரியாதை?

ஒரு வரிசையில் எடுத்ததை இன்னொரு வரிசையில் காட்டியதால் வந்த வினை இது. முதல் முன்னோட்டப் படமான (தொலைக்காட்சியின் ஒப்புதலுக்காக எடுக்கும் மாதிரி எபிசோட்) ‘தி கேஜ்’ஜை என்பிசி ஏற்கவில்லை. அதில் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்கே கிடையாது, பைக் என்று வேறொரு கேப்டன். இரண்டாவது முன்னோட்டம் ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’ தேறியது. ஆனால் 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பானது அதுவும் இல்லை. மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் பூதம் வருகிற ‘தி மேன் டிராப்’ முந்திக்கொண்டது. இரண்டாவது முன்னோட்டம் மூன்றாவது வாரம்தான் வந்தது. தொடருக்கென்று முதலில் எடுத்த ‘தி கார்போமைட் மனூவர்’ பத்தாவதாக, நவம்பர் 10 அன்று வந்தது. அதன் விண்வெளிக் காட்சிகளை முடிக்க அவ்வளவு நாள் பிடித்தது.

என் கட்சிப்படியே தொடங்கினோம். மூன்றாவது எபிசோடிலேயே மானம் போயிற்று. திடீரென்று எல்லாருக்கும் வேறு மாதிரிச் சட்டை. இரண்டு வாரம் பார்த்த டாக்டர் மெக்காய் இல்லை, வேறு யாரோ ஒரு பெரியவர். சுக்கான் பிடிக்கும் சுலு இங்கே இயற்பியல் ஆள். கல்லறைக் கல்லில் கிர்க்கின் பெயருக்கு நடுவே ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’. உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: “மாமா, அந்த டாக்டர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துட்டாரா?” அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பியை மட்டும் ஒரு மடக்கு குடித்தார்.

அடுத்த வாரம் எடுத்த வரிசையில் முதலிலிருந்து தொடங்கினோம். முதல் சீசனுக்கு அதுதான் சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கப்பலின் தகவல்தொடர்பு அதிகாரி உகூராவின் சட்டையைப் பாருங்கள். ‘கார்போமைட்’டிலும் ‘மட்ஸ் விமன்’னிலும் மஞ்சள், அதற்குப் பிறகு சிவப்பு. எடுத்த வரிசையில் பார்த்தால் ஒரு தையல் அறை யோசித்து யோசித்து முடிவுக்கு வருவது தெரியும். ஒளிபரப்பு வரிசையிலோ சிவப்பு, நடுவில் மஞ்சள், மறுபடி சிவப்பு என்று துணி காயப்போட்ட கம்பி மாதிரி இருக்கும்.

வல்கன் கிரகத்துக் கப்பல் அதிகாரி ஸ்போக், கழுத்தோரம் விரலை வைத்து ஆளைச் சாய்க்கும் வித்தை பிறந்தது ‘தி எனிமி விதின்’ படப்பிடிப்பில். திரைக்கதையில் ஸ்போக் துப்பாக்கிக் கட்டையால் அடிப்பதாக இருந்தது. அது ஸ்போக்கின் குணத்துக்கு ஒட்டாது என்று லெனார்ட் நிமோய் இந்த உத்தியைச் சொன்னார். ஆனால் ‘தி நேக்கட் டைம்’ ஒரு வாரம் முந்தி ஒளிபரப்பானதால் சனங்கள் முதலில் பார்த்தது சுலு சாய்வதைத்தான். பிள்ளை பிறக்குமுன் காதுகுத்து!

அதே ‘எனிமி விதின்’னில் சுலுவும் கூட்டாளிகளும் கிரகத்தில் குளிரில் விறைக்கிறார்கள். ஆட்களை அனுப்பும் கருவி பழுது. சின்னக் கப்பலை இறக்கி ஏற்றி வரலாமே? முடியாது, ஏனென்றால் அந்தச் சின்னக் கப்பலைப் படக்குழு இன்னும் கட்டவில்லை. இதைக் கேட்டு அத்தான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. (சுலு என்பது நம் பக்கத்துப் பெயர். போர்னியோவுக்கும் பிலிப்பீன்ஸுக்கும் நடுவே இருக்கும் சுலு கடலிலிருந்து எடுத்தது.)

இரண்டாம் சீசனில் என் கட்சி ஜெயிக்கும். எடுத்த வரிசைப்படி போனால் முதலில் வருவது ‘கேட்ஸ்பா’: சூனியக்கோட்டை, கறுப்புப் பூனை, டோப்பா வைத்த இளம் அதிகாரி செக்கோவ். ஹாலோவீனுக்காக எடுத்த சரக்கு. ஒளிபரப்பில் முதலில் வந்தது ‘அமாக் டைம்’. ஸ்போக்கின் கல்யாணம், வல்கன் கிரகம், நண்பனோடு சண்டை. எந்தத் திறப்பு நல்ல திறப்பு என்று கேட்கவே வேண்டாம்.

அக்கா மகளுக்கு மூன்றாவதாக ஒரு யோசனை: நல்லதாகப் பத்துப் பதினைந்து மட்டும் பொறுக்கிப் பார்ப்பது. முதல்முறை பார்ப்பவருக்குச் சரி. மறுபடி பார்ப்பவருக்குப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் மட்டும் குடித்த கதைதான். எல்லாப் பட்டியலிலும் இருக்கும் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ முதல் சீசனின் கடைசிக்கு முந்தியது. அதில் கிர்க் எடுக்கும் முடிவு உறைக்க, அவரோடு இருபத்தேழு எபிசோட் கப்பலில் போயிருக்க வேண்டும்.

அடுத்த தகராறு படம். 2006இல் தொடங்கி விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தார்கள். ப்ளூ-ரேயில் பழையது, புதியது இரண்டும் உண்டு, ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். வாங்குகிறவர் கவனிக்க: டிவிடி மண்டலக் கணக்கில் சிங்கப்பூர் 3, அமெரிக்கா 1. அங்கிருந்து உறவினர் வாங்கிவந்த டிவிடி நம் வீட்டுப் பெட்டியில் ஓடாமல் போகலாம். ப்ளூ-ரேயில் இரண்டு நாடும் ‘ஏ’ மண்டலம், தொல்லை இல்லை. என் ஓட்டு பழைய படத்துக்கே. புதிய கப்பல் பளபளவென்று இருக்கிறது, ஆனால் உள்ளே அட்டைப் பாறையும் பெயின்ட் அடித்த வானமும் அப்படியே இருக்க, வெளியே மட்டும் 2006 என்றால் கண் இடறுகிறது. ‘தி டூம்ஸ்டே மெஷின்’ ஒன்றுக்கு மட்டும் விலக்கு. அதில் சிதைந்த கப்பலாக வருவது கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைக் கப்பல், தீயால் சுட்டுச் சிதைத்தது. அங்கே கணினி கைகொடுக்கிறது.

வேகத்தில் சண்டை இல்லை. வெள்ளிக்கு இரண்டு, நாற்பது வாரம். ஒரே மூச்சில் போட்டால் குட்டு உடைந்துவிடும். கிர்க் பேசிப் பேசியே கணினியை எரியவைக்கும் கதை ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஆர்க்கன்ஸ்’, ‘தி சேஞ்ச்லிங்’, ‘ஐ, மட்’, ‘தி அல்டிமேட் கம்ப்யூட்டர்’ என்று நாலு இடத்தில் வருகிறது. வாரங்கள் இடையில் இருந்தால் மனசு மன்னித்துவிடும்.

இந்த வெள்ளி மூன்றாம் சீசன். முதலில் எடுத்தது ‘ஸ்பெக்டர் ஆஃப் தி கன்’. காசு போதாமல் முகப்பு மட்டும் நிற்கும் வீடுகளும் சிவப்பு வானமுமாக ஒரு கௌபாய் ஊர். முதலில் காட்டியது ‘ஸ்போக்ஸ் பிரெய்ன்’. ஸ்போக்கின் மூளையை யாரோ திருடிக்கொண்டு போகிற, இந்தத் தொடரை நேசிப்பவர்களே தலையில் அடித்துக்கொள்ளும் எபிசோட். வெள்ளிக்கு இரண்டு என்பதால் ஒரே இரவில் இரண்டையும் போட்டுவிடலாம். எதை முதலில் போடுவது என்றுதான் முந்தாநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.