மாடவீதியா, மைதானமா, முட்டுக்காடா: ஜனவரியில் ஒரு கலை நாள்

சென்னையில் மார்கழியும் தையும் சந்திக்கும் நாட்களில் கலைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எங்கே போனாலும் நாம் பார்வையாளர்தான். நாற்காலி, கைதட்டல், கேன்டீன் காபி, வீடு. சபாக் கச்சேரிகளைக் குறை சொல்லவில்லை, அது வேறு கணக்கு. விடுமுறை நாளில் கண்ணும் காதும் மட்டுமல்ல, நம் கையும் கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஜனவரியில் மூன்று இடங்கள் உண்டு: மயிலாப்பூர் திருவிழாவின் கோலப்போட்டி, அரசு நடத்தும் நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் மரபு வீடுகள், கைவினைகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ரா. மூன்றையும் நான் ஒரே தராசில்தான் நிறுக்கிறேன். வீடு திரும்பும்போது விரலில் மாவோ மண்ணோ ஒட்டியிருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் தொடங்குவோம். 'மயிலாப்பூர் டைம்ஸ்' வார இதழ்க்காரர்கள் தொடங்கிய விழா இது. சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் ஜனவரித் தொடக்கத்தில் நடக்கும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் கச்சேரி, தெருக்களில் மரபு நடை, பல்லாங்குழி, தாயம் என்று நிறைய வைப்பார்கள். எனக்கு விழா என்றால் வடக்கு மாடவீதிக் கோலப்போட்டிதான். பிற்பகலில் கபாலீசுவரர் கோயிலை ஒட்டிய அந்தத் தார்ச்சாலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். கோலமாவை நாமே கொண்டுபோக வேண்டும். அச்சு, உருளை எடுத்துக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. புள்ளிக்கோலமும் சிக்குக்கோலமும்தான் அங்கே ராஜா. கலர்ப்பொடி ரங்கோலிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

வாசலில் போடுவது வேறு, தார்ச்சாலையில் போடுவது வேறு. தண்ணீர் தெளித்துப் பெருக்கிய தரையில் மாவு அடங்கி உட்காரும். தார் அப்படி இல்லை. சரளை துருத்திக்கொண்டிருக்கும், இழை அதில் தடுக்கித் தடுக்கிப் போகும். வெறும் அரிசி மாவு அங்கே சரியாக வராது. விரல் ஈரத்தில் கட்டிக்கொள்ளும், காற்றடித்தால் பறந்துவிடும். கொஞ்சம் கொரகொரப்பான கல்லு மாவோடு அரிசி மாவைக் கலந்து கொண்டுவருகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக இறங்கும்.

ஒரு பதினைந்து புள்ளிச் சிக்குக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடைப்புள்ளி, 15 முதல் 8 வரை. நடுவரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று இறங்கி 8 இல் நிற்க வேண்டும். மொத்தம் 169 புள்ளி. அதில் ஒன்று பிசகினால் கடைசிச் சுழியில் வந்து மாட்டிக்கொள்வீர்கள். அழித்துப் போடவும் முடியாது. தாரில் அழித்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். கொடுத்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் எந்த மாமியாவது, "அந்த மூலையில ஒரு புள்ளி விட்டுப்போச்சு பாரும்மா" என்று குரல் கொடுப்பார். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும். ஆண்களும் வந்து உட்காருகிறார்கள், நன்றாகவே போடுகிறார்கள்.

குறை என்று பார்த்தால், கட்டங்கள் கொஞ்சம்தான். இடம் கிடைக்காவிட்டால் நீங்களும் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவர். நாள் முழுக்கவும் நீளாது, சாயங்காலத்தோடு முடிந்துவிடும். மிச்ச நேரத்தைத் தெப்பக்குளத்தைச் சுற்றியும் காளத்தி கடை ரோஸ்மில்க்கிலும் கழிக்க வேண்டியதுதான். பறக்கும் ரயிலில் வந்தால் திருமயிலை நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். கார் கொண்டுவருவது அவரவர் பூர்வஜென்ம வினை.

சென்னை சங்கமம் பொங்கலையொட்டி வரும். 2007 இல் தொடங்கி, சில ஆண்டுகள் நடந்து, நின்றுபோய், 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு திரும்ப வந்தது. பூங்கா, மைதானம், கடற்கரை என்று ஊரெங்கும் ஒரே சமயத்தில் நடக்கும். அனுமதி இலவசம். கரகம், ஒயில், பொய்க்கால் குதிரை, சிலம்பம், தெருக்கூத்து, பறை எல்லாவற்றையும் மாவட்டம் மாவட்டமாக அலையாமல் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

'பார்ப்பதற்கு' என்பதுதான் என் தயக்கமும். ஊர்ச் சந்தியில் ஆடும்போது ஆட்டக்காரருக்கும் நமக்கும் நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. இங்கே மேடை உயரத்தில், விளக்கு கண்ணைக் கூசுகிறது, ஒலிபெருக்கி பறையின் அடியையும் உருட்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் நான் சொல்லும் யோசனை, நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் மேடைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். தைப் பனியில் பறையின் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலோ காகிதமோ கொளுத்தி, பறையைத் தீயில் காட்டிக் காட்டித் தோலை இறுக்குவார்கள். காட்டுவது, தட்டிப் பார்ப்பது, திரும்பக் காட்டுவது. மந்தமாக இருந்த ஒலி மெல்ல மெல்லக் கணீரென்று ஏறுவதை அங்கே நின்றால்தான் கேட்க முடியும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. "ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டுமாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. குச்சிகளை எப்படிப் பிடிப்பது என்று விரலைத் திருத்தியும் விடுவார்கள். அந்த இரண்டு நிமிடம் அதற்குப் பின் வரும் இரண்டு மணி நேரத்துக்குச் சமம். மற்றபடி உணவுக் கடைகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தால், பாதிப் பேர் கலைக்கு வந்தார்களா கறிதோசைக்கு வந்தார்களா என்று சந்தேகம் வரும். இரண்டும் தப்பில்லை.

தட்சிணசித்ராவுக்கு ஜனவரி தேவையே இல்லை, செவ்வாய் தவிர எந்த நாளும் போகலாம். டெபோரா தியாகராஜனின் முயற்சியில் உருவான மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996 இல் திறந்த இடம். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. ஆனால் வீடு பார்ப்பதிலேயே பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதிதான் பார்த்தார்கள் என்பேன். குயவர் சக்கரத்துக்குப் போக வேண்டும். நுழைவுச்சீட்டுக்கு மேல் தனியாகக் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும், கட்டுங்கள்.

சக்கரம் சுழல, களிமண் உருண்டையின் நடுவில் கட்டைவிரலை இறக்க வேண்டும். நடு கொஞ்சம் விலகினாலும் மொத்தமும் தள்ளாட ஆரம்பிக்கும். பயத்தில் அழுத்துவோம், சுவர் மெலிந்து ஒரு பக்கமாகச் சாயும். குயவர் நம் கைமேல் தன் கையை வைப்பார், மண் உடனே அடங்கிவிடும். பிறகு ஒரு நூலை இழுத்து அடியை அறுத்து, கிண்ணத்தைக் கையில் கொடுப்பார். அது சுடாத மண். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும். பிள்ளைகளிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகைதான். சக்கரத்தில் உட்கார வயது வரம்பு எதுவும் நான் பார்த்ததில்லை. பெரியவர்கள்தான் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கிறார்கள்.

போகும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966 இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களை விற்ற பணத்தில் நிலம் வாங்கி அமைத்தது. 'மெட்ராஸ் இயக்கம்' என்று அறியப்படும் ஓவிய, சிற்ப மரபைப் பார்க்க அங்குள்ள அருங்காட்சியகம்தான் முதல் இடம். ஆனால் அது கண்ணுக்கான இடம், என் தராசில் ஏறாது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எதற்குப் போவது? கோலம் போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் மயிலாப்பூர்தான். போட்டி என்ற படபடப்பும் தெருவே பார்க்கிறது என்ற கூச்சமும் சேர்ந்து, தினமும் வாசலில் போடும் அதே கோலத்தை வேறு விதமாகப் போட வைக்கும். சின்னப் பிள்ளைகளோடு, முழு நாளும் வெளியே இருக்க வேண்டும் என்றால் தட்சிணசித்ரா. செலவு அதிகம், தூரமும் அதிகம், ஆனால் நிழலும் கழிப்பறையும் உட்கார இடமும் உண்டு. வயதானவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கு இவைதான் முதலில் தெரிய வேண்டியவை. மயிலாப்பூரில் முட்டிவலிக்காரர்கள் நின்றேதான் பார்க்க வேண்டும்.

சங்கமத்துக்கு ஒரு நாளை ஒதுக்கச் சொல்லமாட்டேன், ஒரு மாலை போதும். மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதில்லை என்பது நல்ல விஷயம். ஜனவரித் தொடக்கத்தில் கோலம், பொங்கலில் பறை, குடியரசு தின விடுமுறையில் மண். ஆனால் ஜனவரி 26 செவ்வாய்க்கிழமை வந்தால், கிளம்புவதற்கு முன் தட்சிணசித்ராவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.