குதிரை இழுத்த லண்டன்: கோவன்ட் கார்டன் போக்குவரத்து அருங்காட்சியகம்

லண்டன் கோவன்ட் கார்டனில், முன்பு பூச்சந்தையாக இருந்த கூடத்தில் 1980 முதல் இயங்கிவரும் போக்குவரத்து அருங்காட்சியகத்துக்குப் பெரும்பாலோர் சுரங்க ரயிலையும் சிவப்புப் பேருந்தையும் நினைத்துக்கொண்டே வருகிறார்கள். குதிரை வண்டிகள் நிற்கும் மேல்தளத்துக்கே அரை நாளை ஒதுக்கலாம் என்பது என் பரிந்துரை.

முதலில் பார்க்க வேண்டியது ஜார்ஜ் ஷில்லிபியரின் ஆம்னிபஸ், அதாவது பலரை ஏற்றிச் செல்லும் குதிரைப் பேருந்து. பாரிசில் ஓடிய வண்டிகளைப் பார்த்து வந்த அவர், 1829 ஜூலை 4 அன்று பேடிங்டனிலிருந்து, இங்கிலாந்து வங்கி இருக்கும் பேங்க் பகுதி வரை தம் சேவையைத் தொடங்கினார். இங்கிருப்பது நூற்றாண்டு விழாவுக்காக 1929இல் செய்யப்பட்ட மாதிரிதான் என்றாலும், மூன்று குதிரைகளைப் பக்கவாட்டில் பூட்டிய அந்த அகலத்தை நேரில் கண்டால், குறுகலான தெருக்களில் இது எப்படித் திரும்பியிருக்கும் என்ற கேள்வி எழாமல் இராது. நகரின் நடுப்பகுதியில் ஆள் ஏற்றும் உரிமை வாடகைக் கோச்சு வண்டிகளுக்கே இருந்ததால், அவர் ஊரைச் சுற்றிச் சென்ற நியூ ரோடு வழியைத் தேர்ந்தார். அந்த ஏகபோகம் 1832இல்தான் நீங்கியது. முழுத் தூரத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் என்பதால் கூலித் தொழிலாளி இதில் ஏற நினைத்தே பார்க்க முடியாது. (தமிழ்நாட்டில் தனியார் தொலைதூரப் பேருந்தை இன்றும் 'ஆம்னி பஸ்' என்றே அழைக்கிறோம், லண்டனிலோ வால் மட்டும் தங்கி 'பஸ்' ஆகிவிட்டது.)

கட்டணம் ஏன் குறையவில்லை என்பதற்கு விடை லாயத்தில் இருக்கிறது. ஒரு குதிரை நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரமே இழுக்கும் என்பதால், காலை முதல் இரவு வரை ஓடும் ஒரே வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் தேவைப்பட்டன. அத்தனைக்கும் தீனி, லாடம், லாயக்காரர் கூலி எல்லாம் பயணியின் தலையில்தான் விழுந்தன. இதை மாற்றியது தண்டவாளம். ஜார்ஜ் பிரான்சிஸ் டிரெயின் என்ற அமெரிக்கர் 1861இல் போட்ட தண்டவாளம் சாலைக்கு மேல் துருத்திக்கொண்டு மற்ற வண்டிகளைத் தடுத்ததால் பெயர்த்தெடுக்கப்பட்டது. 1870இல் சாலை மட்டத்துக்குப் பதித்த பிறகே, தண்டவாளத்தில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி நிலைபெற்றது. உராய்வு குறைந்ததால் இரண்டே குதிரைகள் பேருந்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆட்களை இழுத்தன, கட்டணமும் தொழிலாளிக்கு எட்டியது. இங்குள்ள 1882ஆம் ஆண்டு இரட்டை அடுக்கு டிராமே என் பார்வையில் இத்தளத்தின் சிறந்த காட்சிப்பொருள்.

வண்டிகளின் மாடிப் படிகளையும் கவனியுங்கள். பழைய பேருந்துகளில் கூரைக்கு ஏற இரும்புக் கம்பிப் படிகளே இருந்தன. நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் மேலே போவது அரிது. 1880களில் வளைந்த படிக்கட்டும், முன்நோக்கிய இருக்கைகளும் வந்த பின்னரே அவர்கள் மாடியில் அமர்ந்தார்கள். கணுக்கால் தெரியாதிருக்க ஓரத்தில் அடித்த பலகைகளில் விளம்பரங்கள் குடியேறின.

நகரின் பெரிய பேருந்து நிறுவனமான லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனியின் கடைசிக் குதிரைப் பேருந்து 1911 அக்டோபரில் நின்றது. பள்ளி விடுமுறை நாட்களைத் தவிர்த்துக் காலையில் செல்வது நல்லது. நுழைவுச்சீட்டு ஓராண்டு செல்லும் என்பதால் சுரங்க ரயிலை அடுத்த முறைக்கு விட்டுவைக்கலாம்.