அன்செல்மா, அக்வினாஸா: எதிலிருந்து தொடங்குவது?

11ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மெய்யியலாளர் அன்செல்ம், ‘இதனினும் பெரிது ஒன்றை எண்ண இயலாது’ என்னும் கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை நிறுவ முயன்றார்: அத்தகைய ஒன்று எண்ணத்தில் மட்டும் இருந்தால், உண்மையிலும் இருப்பது அதனினும் பெரிதாகிவிடுமே என்பது அவர் வாதம். அவ்வாறாயின் குறையே இல்லாத தீவு ஒன்றையும் நிறுவிவிடலாமே என்று கௌனிலோ என்ற துறவி மறுத்தார். அம்மறுப்பையும் தம் நூலுடன் சேர்த்தே படியெடுக்கச் செய்த அன்செல்மின் நேர்மை என்னை இன்றும் நெகிழ்விக்கிறது.

13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் அக்வினாஸோ அன்செல்மின் வாதத்தை ஏற்காமல், கண்முன் நிகழும் அசைவிலிருந்து தொடங்கினார்: கோலைக் கை அசைக்கிறது, அசைப்பவற்றின் இவ்வரிசை முடிவின்றி நீள இயலாது என்பதால், தான் அசைக்கப்படாமல் பிறவற்றை அசைக்கும் முதல்வர் ஒருவர் இருந்தாக வேண்டும். உலகம் என்று தோன்றியது என்பது இங்கே கேள்வியே அன்று. இந்த நொடியில் கை ஓய்ந்தால் கோலும் ஓயும் என்பதே இவ்வாதத்தின் உயிர். பலர் பிழையாகப் படிப்பதும் இவ்விடத்தையே. புதிதாகக் கற்பவர் அக்வினாஸிடமிருந்து தொடங்குவதே நன்று. அன்செல்மைச் சொல் சொல்லாக எடைபோடும் பொறுமை பின்னர் வாய்க்கும்.