டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகளுக்கு முடி கொட்டினால்: மினாக்சிடிலா, ஃபினாஸ்டெரைடா?

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி தொடங்கிய திருநம்பிகள் (பிறக்கும்போது பெண் என்று குறிக்கப்பட்ட ஆண்கள்) ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளில், குரல் எப்போது உடையும், மாதவிடாய் எப்போது நிற்கும் என்பதற்கு அடுத்தபடியாக வருவது தலைமுடிதான். எனக்கும் நெற்றி ஓரங்கள் ஏறி, உச்சியில் தலைத்தோல் தெரிய ஆரம்பித்தபோது தோல் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தலையில் தடவும் மினாக்சிடில். இன்னொன்று, தினமும் ஒரு மாத்திரை, ஃபினாஸ்டெரைடு. நான் மினாக்சிடிலைத் தேர்ந்தெடுத்தேன், இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அதற்கு முன் ஒன்று. நெற்றி ஏறுவதெல்லாம் வழுக்கை இல்லை. பருவம் தாண்டிய பெரும்பாலான ஆண்களுக்கு நெற்றியின் இரண்டு மூலைகளும் கொஞ்சம் பின்னால் போகும், ஆண் முகம் என்று நாம் அடையாளம் காண்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஊசி தொடங்கி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் இது நமக்கும் தொடங்கலாம். மூலைகள் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், முடியின் தடிமனும் குறையாமல் இருந்தால், எந்த மருந்தும் வேண்டாம். உச்சியில் அடர்த்தி குறைவது, உதிரும் முடிகளில் பாதி பூனைமுடி மாதிரி மெலிதாக இருப்பது, இதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. தெருவில் யாரும் "அம்மா" என்று கூப்பிடாமல் "சார்" என்று கூப்பிடுவதற்கு இந்த ஏறுநெற்றியே உதவுகிறது என்று சந்தோஷப்படும் நண்பர்களும் எனக்கு உண்டு, அவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை.

சரி, காரணத்துக்கு வருவோம். உடலில் சேரும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஹெச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அதற்கு இடம் கொடுக்கும் மயிர்க்கால்கள் மட்டும் டிஹெச்டி பட்டுப் பட்டு, முடி விழுந்து முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகும். 1942இல் அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் இதன் அடிப்படையைக் காட்டினார்: பருவத்துக்கு முன் விரை அகற்றப்பட்டவர்களுக்கு வழுக்கை விழவில்லை, ஆனால் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழுந்தது. ஆக, ஹார்மோன் திரியைப் பற்றவைக்கிறது, வெடிமருந்து ஏற்கெனவே பரம்பரையில் இருக்கிறது.

"தாய்மாமன் தலையைப் பார், உன் தலை தெரியும்" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, நம் விஷயத்தில் அது பாதிதான் சரி. டிஹெச்டியை ஏற்றுக்கொள்ளும் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பிறக்கும்போது ஆண் என்று குறிக்கப்படுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரே எக்ஸ், அது அம்மா கொடுத்தது. நமக்குப் பொதுவாக இரண்டு. இரண்டாவது எக்ஸ் அப்பாவிடமிருந்து வந்தது, அவருக்கு அது அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. எனவே உங்கள் மாமாக்களோடு நிறுத்தாமல் அப்பாவின் தாய்மாமன்களையும் பாருங்கள், பழைய கல்யாண ஆல்பம் போதும். வேறு பல மரபணுக்களுக்கும் இதில் பங்கு இருப்பதால் அப்பாவின் தலையையும் விட்டுவிட முடியாது. எல்லோருக்கும் கொட்டிவிடும் என்று பயப்படவும் வேண்டாம்: சராசரியாகப் பத்து வருஷம் ஹார்மோன் எடுத்த திருநம்பிகளைப் பற்றி பெல்ஜியத்தின் கென்ட் நகர மருத்துவர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பிடத்தக்க அளவு வழுக்கை விழுந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், பயோட்டின் மாத்திரை எதுவும் டிஹெச்டியின் பக்கமே போகாது. ஊசியின் அளவைக் குறைத்துக்கொண்டால் முடி நிற்கும் என்று சிலர் தாங்களாகவே குறைக்கிறார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மயிர்க்காலின் உணர்திறன்தான் பிரச்சினை, சாதாரண ஆண் அளவுக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனே அதற்குப் போதும். அளவைக் குறைத்தால் மாதவிடாய் திரும்பி வரலாம், முடி திரும்பி வராது. ஊசியிலிருந்து ஜெல்லுக்கு மாறுவதும் தீர்வாகாது, தோலில் அந்த நொதி இருப்பதால் ஜெல்லில் டிஹெச்டி கூடத்தான் செய்யும்.

இனி உண்மையான போட்டிக்கு வரலாம். ஃபினாஸ்டெரைடு அந்த நொதியைத் தடுக்கிறது, ரத்தத்தில் டிஹெச்டி ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. முதலில் 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997இல் ஆண் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வழுக்கையின் வேரையே பிடிக்கும் மருந்து, இருப்பதைக் காப்பாற்றுவதில் மினாக்சிடிலைவிட வலுவானது. இதை நான் மறுக்கவில்லை. சாதாரணமாக ஒரு ஆண் கேட்டால் நானும் ஃபினாஸ்டெரைடைத்தான் முதலில் சொல்வேன்.

நமக்கு ஏன் கணக்கு மாறுகிறது என்றால், தலையில் முடியை எடுக்கும் அதே டிஹெச்டிதான் தாடையில் முடியைக் கொடுக்கிறது. நெஞ்சு முடி, கீழே பிறப்புறுப்பின் வளர்ச்சி, எல்லாவற்றிலும் அதன் கை உண்டு. இது வெறும் ஊகம் இல்லை. கரீபியன் நாடான டொமினிகன் குடியரசில் பிறவியிலேயே இந்த நொதி குறைவாக இருந்த குடும்பங்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் குழந்தைகள் பிறந்தபோது பெண் குழந்தைகள் மாதிரியே தெரிந்ததால் பெண்களாக வளர்க்கப்பட்டார்கள். பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோன் பெருகி குரல் கனத்தது, தசை ஏறியது. ஆனால் தாடி மட்டும் அரிதாகவே வந்தது, நெற்றியும் ஏறவே இல்லை. ஃபினாஸ்டெரைடை உருவாக்கும் யோசனைக்கு வித்திட்டதே இந்த ஆய்வுதான். நம் கண்ணோடு அதை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்: குரலுக்கும் தசைக்கும் டெஸ்டோஸ்டிரோனே போதும், தாடிக்கு டிஹெச்டி வேண்டும். எனவே ஃபினாஸ்டெரைடு எடுத்தால் குரல் போய்விடுமோ, உடம்பு இளைத்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை, தாடியைப் பற்றிய பயத்துக்கு மட்டும் காரணம் இருக்கிறது.

இந்த வளர்ச்சிகளுக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவ வழிகாட்டுதல்களின்படி கீழ் வளர்ச்சி ஏறக்குறைய 1 முதல் 2 வருஷத்தில் முழுமையடைகிறது, முகமுடிக்கு 4 முதல் 5 வருஷம்கூட ஆகலாம். ஆனால் தலைமுடி கொட்டத் தொடங்குவது முதல் வருஷத்திலேயே. அதாவது, பயந்துபோய் மாத்திரையைக் கையில் எடுக்கும் நேரமும் மேலுதட்டில் இப்போதுதான் கறுப்புக் கோடு விழும் நேரமும் ஒன்றாக வருகின்றன. அந்த நேரத்தில் டிஹெச்டியில் முக்கால்வாசியை வெட்டினால் தாடி மெதுவாகலாம், அரைகுறையாக நின்றும் போகலாம். முழுதாக வளர்ந்துவிட்ட தாடி மாத்திரையால் உதிர்ந்துவிடும் என்று சொல்ல வரவில்லை, அப்படிப் பொதுவாக நடப்பதும் இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் தாடியைப் பற்றித்தான் பேசுகிறேன். இத்தனை வருஷம் காத்திருந்து, வீட்டில் சண்டை போட்டு, மனநல மருத்துவர் சான்றிதழ் வாங்கி, ஊசி போட்டு முகத்தில் வந்துகொண்டிருப்பதை என் தலைமுடிக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

மினாக்சிடில் டிஹெச்டியைத் தொடுவதே இல்லை. ரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கியது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள், 1988இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மயிர்க்காலின் வளரும் பருவத்தை நீட்டுகிறது, முடியைத் தடிமனாக்குகிறது. டிஹெச்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், இது எதிர்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நமக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. தாடையில் தடவினாலும் இது முடியை வளர்க்கும். 3 சதவீத மினாக்சிடிலால் தாடி அடர்ந்ததாகத் தாய்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. பெண்கள் இந்த மருந்தைத் தடவும்போது வழிந்து முகத்தில் முடி வளர்ந்துவிடும் என்பதைப் பக்கவிளைவு என்று எழுதியிருப்பார்கள். நமக்கு அது பக்கவிளைவா என்ன?

ஆனால் பராமரிப்பு ஒரு பெரிய வேலை, தெரிந்துகொண்டு இறங்குங்கள். 5 சதவீத லோஷன், காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, முடியில் இல்லை, தலைத்தோலில் பட வேண்டும். நாலு மணி நேரத்துக்குத் தலையை நனைக்கக் கூடாது. சென்னை வெயிலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்குக் காலை வேளை கஷ்டம்தான்; நான் விடிந்ததும் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே ஹெல்மெட்டை எடுக்கிறேன். முதல் சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டும், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி வருவதால் அப்படி. பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது நாலு, ஆறு மாதம் தராமல் பலன் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது. லோஷனில் இருக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் சிலருக்கு அரிப்பும் பொடுகும் தரும், அவர்கள் நுரை வடிவத்துக்கு மாறலாம், விலை கூட. வீட்டில் பூனை வளர்த்தால் ரொம்பக் கவனம்: தலையணையை நக்கினாலே பூனைக்கு இது விஷம்.

அப்புறம், நிறுத்தினால் சில மாதங்களில் வளர்ந்தது போய்விடும். ஃபினாஸ்டெரைடுக்கும் இதே விதிதான், ஆனால் ஒரு மாத்திரையை விழுங்குவதற்கும் தினமும் இரண்டு வேளை தலையில் தடவுவதற்கும் நிறைய வித்தியாசம். இந்த ஒரு அம்சத்தில் ஃபினாஸ்டெரைடு தெளிவாக ஜெயிக்கிறது. எனக்கு உச்சியில் அடர்த்தி திரும்பியிருக்கிறது, நெற்றி மூலைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை. பொதுவாகவே மூலைகளில் பலன் குறைவு என்றுதான் தோல் மருத்துவரும் முன்பே சொல்லியிருந்தார்.

ஃபினாஸ்டெரைடை நான் சாப்பிட்டதில்லை, எனவே அதைப் பற்றிச் சொல்வது தெரிந்தவர்களைப் பார்த்தும் படித்தும்தான். ஊசி தொடங்கி ஏழெட்டு வருஷமான ஓர் அண்ணன் எடுக்கிறார், தாடி அப்படியே இருக்கிறது, உச்சி நன்றாக மூடியிருக்கிறது. அவர் நிலையில் இருந்தால் நானும் எடுத்திருப்பேன்: தாடி வந்து முடிந்துவிட்டது, கீழ் வளர்ச்சி முடிந்துவிட்டது, குடும்பத்தில் எல்லோருக்கும் சொட்டை. கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பாலுறவு ஆசை குறைவது, மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வரலாம் என்ற எச்சரிக்கையும் மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. ஏற்கெனவே மனச்சோர்வோடு போராடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர், இதை மருத்துவரிடம் பேசாமல் தொடங்கவே கூடாது. இரண்டாவது, கருப்பை இருந்து கருத்தரிக்க வாய்ப்புள்ள உறவில் இருந்தால் உறுதியான கருத்தடை வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும், டெஸ்டோஸ்டிரோன் ஊசி கருத்தடை ஆகாது. மூன்றாவது, ரத்ததானம் செய்கிறவர்கள் நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கொடுக்கக் கூடாது. டியூடாஸ்டெரைடு இதன் அண்ணன், டிஹெச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடலில் தங்கும், அதனால் ரத்ததானத்துக்கு ஆறு மாதம் இடைவெளி. தாடி இன்னும் முழுதாக வளராதவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மினாக்சிடிலைக் குறைந்த அளவில் மாத்திரையாகவும் இப்போது எழுதித் தருகிறார்கள். உடம்பெல்லாம் முடி வளரும் என்பது நம்மில் பலருக்குச் சந்தோஷம்தான், ஆனால் கால் வீக்கம், படபடப்பு வரலாம், ரத்த அழுத்தம் பார்க்காமல் எடுக்கிற மருந்து இல்லை. முடி நடும் சிகிச்சையை இப்போதைக்கு நான் யோசிக்கவில்லை. கொட்டுவது நிற்பதற்கு முன் நட்டால் நட்டது நிற்கும், சுற்றியிருப்பது போய்விடும், அப்போதும் மருந்து வேண்டும். மொட்டை அல்லது ஒட்ட வெட்டிக்கொள்வதும் நல்ல வழிதான், தாடியோடு நன்றாகவே இருக்கும்.

மார்பு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு, மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அது பெரும்பாலும் அறுவையின் அதிர்ச்சியால் வருவது, தானாகச் சரியாகும். ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) தைராய்டும் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தோல் மருத்துவரிடம் போனால் டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதைக் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆதார் அட்டையில் பழைய பெயர் இருந்து நீங்களும் சொல்லாமல் விட்டால், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று நினைத்து, பெண்களின் முடி உதிர்வுக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனை எழுதிவிட வாய்ப்புண்டு. அது டெஸ்டோஸ்டிரோனின் வேலையையே தடுக்கும் மருந்து, திருநங்கைகளுக்குக் கொடுப்பது. சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் கடையில் வாங்குவதற்கு முன் உங்கள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.