கம்போசர் 'பாத்' முறை: மூன்று ஆண்டுக் குடித்தனம்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பிஎச்பி நிரல் தொகுப்பு ஒன்றைத் தனிக் கோப்புறையில் எழுதிக்கொண்டே முதன்மைச் செயலியிலும் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பிஎச்பி தொகுப்புகளை நிறுவித்தரும் கருவியான கம்போசரில், தொகுப்பைக் கணினியின் கோப்புறையிலிருந்தே நேரடியாக இணைக்கும் 'பாத்' முறை எப்படி என்றார். "அருமை" என்று சொல்லிவிட்டேன். பேசி முடித்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

அருமைதான், மறுக்கவில்லை. பில் தொகையை எழுத்தால் எழுதும் சிறு தொகுப்பு என்னுடையது. 1,20,000 என்றால் 'ஒரு லட்சத்து இருபதாயிரம்' என்று வர வேண்டும். அது 'ஒரு லட்சம் இருபதாயிரம்' என்று அச்சடித்துக்கொண்டிருந்தது. முன்பு அந்த ஒரு சொல்லைத் திருத்தவே கிட்டில் மாற்றத்தைப் பதிய கமிட், சர்வருக்கு அனுப்ப புஷ், பதிப்பு எண் இட டேக், பிறகு செயலியில் புதிய பதிப்பை எடுக்க கம்போசர் அப்டேட் என்று ஊர்வலம் நடக்கும். இப்போது செயலியின் தொகுப்புகள் இருக்கும் வெண்டார் கோப்புறைக்குள் இருப்பது வெறும் சிம்லிங்க், அதாவது மூலக் கோப்புறையைச் சுட்டும் இணைப்பு. தொகுப்பில் திருத்திச் சேமித்து உலாவியைப் புதுப்பித்தால் பில் சரியாக நிற்கிறது. முதல் நாள் நம்ப முடியாமல் இரண்டு முறை திருத்திப் பார்த்தேன்.

ஆனால் எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, எங்கிருந்து என்று கம்போசர் குறித்துவைக்கும் அந்த லாக் கோப்பு! பாத் முறையில் இருக்கும்போது கம்போசர் அப்டேட் செய்தால், தொகுப்பின் இருப்பிடமாக என் கணினியின் பக்கத்துக் கோப்புறையையே லாக்கில் எழுதி வைக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதையும் கமிட் செய்துவிடுவேன். சர்வரில் அந்தக் கோப்புறை ஏது? இன்ஸ்டால் பாதியில் நின்றுவிடும். மூன்று ஆண்டுகளில் நான்கு முறை. நான்காவது சென்ற மாதம், வெள்ளிக்கிழமை மாலை, கடையில் பில் போடும் நேரத்தில். கம்போசர் மேல் பிழையில்லை, சொன்னதைத்தான் எழுதியது. இருந்தாலும் எழுதும்போது ஒரு வரி எச்சரித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. 'கம்போசர்' என்ற சூழல் மாறியில் (கணினி நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்பு) தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் வேறு ஜேசான் கோப்பின் பெயரைக் கொடுத்தால், லாக்கும் தனியாகப் பிரிந்துவிடும். செய்து பார்த்தேன். ஒரு கோப்பில் புதிய நூலகத்தைச் சேர்த்துவிட்டு மற்றதில் மறந்தேன். பழைய தலைவலி வேறு பக்கம் வலித்தது. செயலியைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டோக்கரில் செயலியின் கோப்புறையை மட்டும் இணைத்தால் சிம்லிங்க் வெளியே எங்கோ வெற்றிடத்தைக் காட்டும். சிம்லிங்க் கட்டாயம் என்று விருப்பத்தில் குறிப்பிடாவிட்டால், இணைக்க முடியாதபோது கம்போசர் நகலெடுத்து வைத்துவிடும். நகல் என்று தெரியாமல் ஒரு பிற்பகல் முழுக்க மூலத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

நண்பரை மறுபடி அழைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொறுமையாக டேக் போட்டே வேலை செய்யுங்கள், பாத் முறைக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுப்பேன் என்றேன். "நீங்கள் விட்டுவிட்டீர்களா?" என்றார். நான் ஏன் விட வேண்டும்? லாக்கில் 'பாத்' என்ற சொல் தென்பட்டால் கமிட்டையே தடுக்கும் கிட் ஹூக் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சிறு நிரல்) ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், ஐந்தே வரி. இன்று காலை அவசரத்தில், ஹூக்கை ஓடவிடாத 'நோ வெரிஃபை' விருப்பத்தைக் கொடுத்து அதையும் தாண்டிவிட்டேன்.