அம்மாவுக்கு மருந்துச் சோதனையா, பழைய மாத்திரையா?

அம்மாவுக்கு அல்சைமர் என்ற மறதி நோய், ஆரம்ப நிலை என்றார் டாக்டர். டொனெபிசில் மாத்திரை கொடுத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் புதிய மருந்துக்கான சோதனையில் சேர்க்கலாம். அண்ணன் சோதனை என்றான். எனக்கு மனசு வரவில்லை.

டொனெபிசில் 1996-லிருந்து இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை. நோயை நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும், சிலருக்கு நாடித்துடிப்பு குறையும். என்ன வரும் என்று தெரிந்த மருந்து.

எங்களிடம் சொன்ன சோதனை, லெகனெமாப் என்ற மருந்தைப் போல, மூளையில் படிந்த அமிலாய்டு என்ற புரதத்தை நீக்கும் வகை. லெகனெமாபின் பெரிய சோதனையில் 1,795 பேர், 18 மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். பாதிப் பேருக்கு ஏறியது மருந்தில்லாத வெறும் திரவம். மருந்து ஏறியவர்களுக்கு நோய் முற்றுவது 27% மெதுவானது. அதைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் நோயின் கடுமையை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வித்தியாசம் 0.45 தான். வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மருந்து ஏறியவர்களில் 12.6% பேருக்கு மூளையில் வீக்கம் வந்தது. பெரும்பாலும் அறிகுறியே இல்லாமல், ஸ்கேனில்தான் தெரிந்தது. அதனால்தான் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. முதல் ஸ்கேனுக்கே அம்மா என் புடவைத் தலைப்பை விடவில்லை.

சோதனையில் மருந்தும் பரிசோதனையும் இலவசம், கண்காணிப்பும் நன்றாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நோய் முற்றினால் இந்த வகைச் சோதனையில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் முடிவைத் தள்ளிப்போடவும் முடியாது. நோயாளியை நன்கு அறிந்த ஒருவர் கூடவே வந்து பதில் சொல்ல வேண்டும். அது நான்தான், அண்ணன் வெளியூர். ஆஸ்பத்திரி பக்கத்தில், மாற்றி மாற்றிப் போக இரண்டு பேர் என்றிருந்தால் நானே சேருங்கள் என்பேன்.

ஒப்புதலுக்கு வருவோம். நோயாளியால் முடிவெடுக்க இயலாவிட்டால் குடும்பத்தார் கையெழுத்திடலாம். ஆரம்ப நிலையில் அவரையே கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். அம்மாவுக்குக் காலை காபி நேரத்தில்தான் தெளிவு. மூன்று நாள் காலையில் படிவத்தைப் படித்துக் காட்டினேன். முந்தின நாள் பேசியது ஒவ்வொரு முறையும் மறந்திருந்தது. பதில் மட்டும் மாறவில்லை: "மாசத்துக்கு ரெண்டு தரம் அவ்வளவு தூரமா? வேண்டாம்மா."

அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். மாத்திரை காலை டிபனுக்கு அப்புறம் போகிறது.