கேனரி, விளக்குச் சுடர், மீட்டர்: கரியமில வாயுவுக்கு எதை நம்புவது?

கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவில் 2021 செப்டம்பரில் வெடித்த எரிமலை டிசம்பரில் அடங்கிவிட்டது. எரிமலைக் குழம்பு புவெர்ட்டோ நாவோஸ் ஊருக்குள் நுழையவே இல்லை. ஆனாலும் தரைக்கடியிலிருந்து கசிந்த கரியமில வாயுவால் ஊர்மக்கள் வருடக்கணக்கில் வீடு திரும்ப முடியவில்லை. காட்டுக் கேனரிக் குருவியின் சொந்த மண் அது. அங்கேயே காவலுக்கு வைத்தது கேனரிக் கூண்டை அல்ல, வீடுவீடாக மீட்டர்களை. எங்கள் கட்சியும் மீட்டர்தான். கிணறு, நிலவறை, தானியக் குதிர் எதுவானாலும் கணக்கு இதே.

முதலில் கேனரி. கேனரித் தீவுகள், மதீரா, அசோரஸ் ஆகிய இடங்களில் வாழும் பச்சை கலந்த பழுப்புக் குருவி இது. ஐரோப்பியக் கூண்டுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பிறகு வந்ததுதான் மஞ்சள் நிறம். நிலக்கரிச் சுரங்கத்தில் நச்சு வாயுவைக் காட்டிக்கொடுக்க இதைச் சிபாரிசு செய்தவர் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டனில் 1986இல்தான் மின்னணுக் கருவிகளுக்காக இதை ஓய்வுக்கு அனுப்ப முடிவானது. ஆனால் ஹால்டேன் தேடியது கரியமில வாயுவை அல்ல, கார்பன் மோனாக்சைடை. சிறிய உடல், வேகமான மூச்சு, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரல் வழியே ஓடும் காற்று. அதனால் மோனாக்சைடு மனிதனுக்கு முன்பே குருவியின் ரத்தத்தில் ஏறிவிடும். கரியமில வாயுவில் அந்த முன்னெச்சரிக்கையை நம்ப முடியாது. சுரங்கக்காரர்களே அதற்கு விளக்கைத்தான் பார்த்தார்கள்.

பராமரிப்பு வேறு. குறைந்தது 60 செ.மீ. நீளக் கூண்டு, கேனரி விதை, கீரை, கடல் நுரை எனும் கணவாய் ஓடு, குளிக்கத் தண்ணீர், அம்மை பரப்பும் கொசுவைத் தடுக்க வலை. நான்ஸ்டிக் சட்டி தீய்ந்து கிளம்பும் புகையே ஆளைக் கொல்லாமல் குருவியைக் கொன்றுவிடும். காற்றுப்பைச் சிற்றுண்ணி தொற்றினால் வாயைத் திறந்து ‘டிக் டிக்’ என்று மூச்சு வாங்கும். அப்போது கெட்டது காற்றா, கருவியா என்று எப்படிப் பிரிப்பது? பாட்டுக்காக வளர்ப்பதென்றால் தாராளமாக வளர்க்கலாம்.

அடுத்தது சுடர். கிணற்றில் இறங்குமுன் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் விட்டுப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். அணைந்தால் இறங்காதே என்பது சரி. அணையாவிட்டால் இறங்கலாம் என்பதில்தான் ஆபத்து. காற்றில் ஆபத்தான அளவுக்குக் கரியமில வாயு சேர்ந்த பிறகும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். 4 விழுக்காடே உயிருக்கு உடனடி ஆபத்து என்பது தொழில் பாதுகாப்பு வரம்பு. 10ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். மீத்தேன் தேங்கும் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் சுடரைக் கொண்டுபோகவே கூடாது, வெடித்துவிடும்.

மீட்டரிலும் எல்லாம் ஒன்றல்ல. அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் வகைதான் வேண்டும். மலிவான பெட்டிகள் பல வேறு ஆவிகளை முகர்ந்துவிட்டு ‘ஈசிஓ2’ என்று ஒரு கணக்கைக் காட்டும். அது அளவே அல்ல. அடுத்து வீச்சு. அறைக் காற்றுக்கான மீட்டர் 5,000 அல்லது 10,000 பிபிஎம்மோடு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நின்றுவிடும். 10,000 பிபிஎம் என்பது 1 விழுக்காடுதான். கிணற்றுக்கு 5 விழுக்காடு வரையாவது காட்ட வேண்டும்.

வாங்கியபின் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அளவுத்திருத்தம். பல என்டிஐஆர் மீட்டர்கள் தாமாகவே திருத்திக்கொள்ளும்: வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 பிபிஎம் என்று பதிந்துவிடும். அலுவலக அறைக்கு இது சரி, ராத்திரி அறை காலியாகும். வாயு ஓயாமல் கசியும் நிலவறையில் 1,500க்குக் கீழே இறங்காத காற்றையே மீட்டர் ‘சுத்தம்’ என்று பழகிக்கொள்ளும். பிறகு அது காட்டும் எண் எல்லாமே ஆயிரத்துச் சொச்சம் குறைவு. எனவே ஏபிசி என்ற அந்த அமைப்பை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை திறந்த வெளியில், வண்டிப் புகையும் ஆள் மூச்சும் படாத இடத்தில் 20 நிமிடம் வைத்துக் கையால் திருத்துங்கள். இன்றைய வெளிக்காற்று சுமார் 420. ஏபிசியை அணைக்க வழியில்லாத மாடலை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

உயர் அளவைச் சோதிக்க, மீட்டரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வாயால் ஊதிக் கட்டுங்கள். விடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு இருக்கும். பையில் பழைய காற்றும் கலந்திருப்பதால் எண் கொஞ்சம் குறையலாம். ஆனால் பத்தாயிரங்களுக்குள் ஏறியாக வேண்டும். சில ஆயிரத்திலேயே நின்றால் சென்சார் போய்விட்டது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆகவே முகத்தளவில் அல்ல, கால்மட்டத்தில் அளக்க வேண்டும். கயிற்றில் மீட்டருக்கு ஓரடி கீழே சின்ன எடை கட்டி, மீட்டரில் எச்சரிக்கை ஒலியை வைத்து இறக்குங்கள். எடை தண்ணீரைத் தொட்டதும் நிறுத்துங்கள், மீட்டர் நனையாது. ஒவ்வொரு மூன்றடி ஆழத்துக்கும் மூன்று நிமிடம் கொடுங்கள், சென்சாருக்குள் வாயு மெல்லத்தான் பரவும். ஈரம் படிந்து கண்ணாடி பனித்தால் அளவு தாறுமாறாகப் போகும். துடைத்து உலரவிட்டு மறுபடி பாருங்கள்.

‘நாலு வாயு மீட்டர் இருக்கிறதே, போதாதா’ என்பவர்களுக்கு: அது வழக்கமாக ஆக்சிஜன், எரிவாயு, மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றைத்தான் பார்க்கும். ஆக்சிஜன் 20.9இலிருந்து 19.5க்கு இறங்கினால்தான் அலறும். அந்த இறக்கம் கரியமில வாயுவால் மட்டும் வர, காற்றில் அது 6.7 விழுக்காடு சேர்ந்திருக்க வேண்டும். 4 விழுக்காடு வரம்பு தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். டீசல் எஞ்சின் ஓடிய கிணறு, சாக்கடை என்றால் அந்த மீட்டரும் கட்டாயம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள்.

ப்ளோயரால் ஊதி எண் குறைந்ததும் இறங்கிவிடக் கூடாது. ப்ளோயரை நிறுத்தி அரை மணி கழித்து மறுபடி அளவெடுங்கள். ஏறினால் மண்ணிலிருந்து இன்னும் கசிகிறது. அப்படியானால் உள்ளே ஆள் இருக்கும்வரை ப்ளோயர் நிற்கக் கூடாது, மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருக்க வேண்டும்.